மருத்துவமும் தொண்டும் ஒன்றெனக் கண்ட அயோத்திதாச பண்டிதர்

நோயாளியின் நாடி பார்த்த கையாலேயே சமுதாயத்தின் நாடியையும் பார்த்தவர் அயோத்திதாச பண்டிதர். 1845-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் பிறந்த அன்னாருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி புகட்டிய ஆசிரியர்பால் கொண்ட பெருமதிப்பினால் அவ்வாசிரியரின் பெயரையே தம் பெயராக்கிக் கொண்டார்.

தமிழோடு வடமொழி, பாலி, ஆங்கிலம் ஆகியவற்றையும் கற்ற பண்டிதர், சித்த மருத்துவத்தில் தேர்ந்து விளங்கினார். பிற்காலத்தில் தமிழ்த் தென்றல் எனப் போற்றப்பட்ட திரு.வி.க., இளமையில் நோயுற்று முடங்கியபோது பண்டிதரின் மருத்துவத்தால் நலம் பெற்றார். ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த மருத்துவர், தம்மை நாடி வந்தவரின் குலத்தை நோக்கவில்லை, நோயையே நோக்கினார்.

நல்ல மருத்துவர் நோயாளியைப் பழிப்பதில்லை; நோய் வந்த வழியை ஆராய்கிறார். இவ்வறத்தையே பண்டிதர் சமுதாயத் தொண்டிலும் கைக்கொண்டார். நம் மக்களின் வறுமைக்கும் கல்லாமைக்கும் அவர்களே காரணம் எனப் பிறர் கூறிய காலம் அது. குற்றம் மக்களிடம் இல்லை, அவர்களுக்கு மறுக்கப்பட்டவற்றில்தான் உள்ளது என்பதைப் பண்டிதர் கண்டறிந்தார். 1891-இல் திராவிட மகாஜன சபையைத் தோற்றுவித்து, நீலகிரியில் மாநாடு கூட்டிக் கல்வி, அரசுப்பணி, பொதுக்கிணற்று உரிமை ஆகியவற்றைக் கோரினார். மறு ஆண்டு சென்னையில் நடந்த மகாஜன சபைக் கூட்டத்தில் இலவசக் கல்வியையும் தரிசு நிலத்தையும் வேண்டினார். நல்ல நீர் மறுக்கப்பட்ட சேரியில் மருந்து மட்டும் என்ன செய்யும்? உழுது உண்ண நிலமற்றவனுக்குப் பத்தியம் கூறிப் பயன் என்ன? மருத்துவர் கேட்க வேண்டிய கேள்விகளும் தொண்டர் கேட்க வேண்டிய கேள்விகளும் இவையே அன்றோ!

உடலுக்கு மருந்து போல உள்ளத்துக்கு மானம் வேண்டும் என்பதையும் பண்டிதர் உணர்ந்திருந்தார். ஆல்காட் அவர்களின் துணையோடு 1898-இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவினார். சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907 ஜூன் 19-இல் ஒரு பைசாத் தமிழன் என்னும் வார இதழைத் தொடங்கினார். ஏழையும் வாங்கத்தக்க விலையில் அறிவை வழங்கிய அவ்விதழ் பின்னர்த் தமிழன் எனப் பெயர் பெற்றது. 1914 மே 5-ஆம் நாள் மறையும்வரை அன்னாரது பணி ஓயவில்லை.

சென்னை தாம்பரத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அனந்தபுரத்து இளைஞர்களே! உங்களுள் சிலர் செவிலியராகலாம். சிலர் நலத்துறை அலுவலராகலாம். வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் நாம். நாளை உங்கள் மேசைக்கு முன் ஓர் ஏழை வந்து நின்றால், முதலில் அவரை அமரச் சொல்லுங்கள். அவர் கூறுவதை முழுமையாகக் கேளுங்கள். அதன் பின்னரே ஏட்டைத் திறவுங்கள். பண்டிதருக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலி அதுவே ஆகும்.