தண்டவாளத் துண்டில் நரம்பு கட்டிய சிறுவன்

கனகராயன்குளம் பக்கத்து மூத்தவர்களுக்குத் தண்டவாளம் என்றால் ரயிலோடு பதுங்குகுழியும் நினைவுக்கு வரும். 1990இல் வவுனியாவுக்கு வடக்கே ரயில் நின்றபின், தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்கு மேல் அடுக்கப்பட்டன. அமெரிக்காவில் ஒரு சிறுவனுக்கு இதே இரும்பு இசைக்கருவியானது.

அவர் பெயர் லெஸ் பால். 1915 ஜூன் 9இல் விஸ்கொன்சின் மாநிலத்து வோக்கிஷாவில் பிறந்தார். பெற்றோர் பிரிந்தபின் தாயுடன் வளர்ந்தவர். வீட்டில் இருந்த பொருட்களை எல்லாம் கழற்றிப் பார்ப்பது அவரது பழக்கம்.

பதின்ம வயதில், வீதியோர உணவுக்கடை ஒன்றில் கிற்றார் வாசித்தார். தூரத்தில் இருந்தவர்களுக்குச் சத்தம் கேட்கவில்லை. கிராமபோன் ஊசியைக் கிற்றாரில் பொருத்தி, வயரை றேடியோவில் இணைத்தார். சத்தம் கூடியது. ஆனால் கிற்றாரின் பொள்ளலான பெட்டியும் சேர்ந்து அதிர்ந்து இரைச்சல் தந்தது.

அதிராத பொருள் எது என்று தேடியவர், இரண்டடி நீளத் தண்டவாளத் துண்டில் ஒரு நரம்பை இழுத்துக் கட்டி, அதன் கீழ் தொலைபேசியில் கழற்றிய பாகத்தை வைத்து றேடியோவுடன் தொடுத்தார். ஒலி தெளிவாகவும் நெடுநேரமும் நின்றது. இரும்பைத் தோளில் தூக்கி வாசிக்க முடியாது. எனவே 1941 அளவில், நியூயோர்க்கின் எபிஃபோன் தொழிற்சாலையில் நான்கு அங்குலச் சதுரப் பைன் கட்டையில் மின் கிற்றார் ஒன்றைச் செய்தார். கிப்சன் நிறுவனம் முதலில் அதை ஏற்கவில்லை. 1952இல் அதே நிறுவனம் அவர் பெயரிலேயே கிற்றாரை விற்கத் தொடங்கியது.

இடையில், 1948இல் கார் விபத்தில் அவரது வலது முழங்கை நொறுங்கியது. இனி அதை மடக்கி நீட்ட முடியாது என்ற நிலையில், கிற்றார் வாசிக்கும் கோணத்திலேயே கையைப் பொருத்திவிடும்படி மருத்துவர்களிடம் கேட்டுக்கொண்டார். ஒன்றரை வருடத்தில் மீண்டும் வாசித்தார். போரில் கை, கால் இழந்தவர்கள் வாழும் எங்கள் ஊர்களுக்கு அந்த முடிவின் கனதி விளங்கும்.

2009 ஓகஸ்டில், 94 வயதில் அவர் காலமானார். அப்போது எங்கள் சனம் செட்டிகுளத்து முகாம்களில் முட்கம்பிக்குள் இருந்தது.

அவர் செய்தது எங்களுக்குப் புதிதல்ல. பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி கிடையாது. சைக்கிளைக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டவர்கள் நாங்கள். அந்தக் கைப்பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். பழுதான றேடியோவைப் பிள்ளை கழற்றினால் ஏசாதீர்கள். வீட்டு மின்சாரத்தில் கை வைக்காமல் பற்றரியில் மட்டும் செய்யச் சொல்லுங்கள். பலகைத் துண்டும் பழைய கம்பியும் நீங்களே தேடிக் கொடுங்கள்.