மணி அடிக்கும் வரை வெளியே நின்ற மாணவன்

கோவையில் ஒரு பள்ளிக்கூடம். சுமார் 400 மாணவர்கள். பத்துப் பேரைத் தவிர மற்ற எல்லாரும் பிராமணப் பிள்ளைகள். அந்தப் பத்துப் பேரில் ஒருவன், மணி அடிக்கும் வரை உள்ளே போகமாட்டான். வெளியே எங்காவது உட்கார்ந்து பாடம் படிப்பான். பள்ளி விட்டதும், யாரும் எட்டிப் பிடிக்காதபடி விறுவிறுவென்று வீட்டுக்கு நடப்பான்.

விளையாட ஆசை இல்லாமல் இல்லை. பழகினால் ஊரைக் கேட்பார்கள், உறவைக் கேட்பார்கள், சாதி தெரிந்துவிடும் என்ற பயம். அந்தச் சிறுவன்தான் பின்னாளில் தாத்தா என்று நாம் அழைக்கும் இரட்டைமலை சீனிவாசன்.

செங்கல்பட்டுப் பக்கம் கோழியாளத்தில் பிறந்தவர். பிழைப்புக்காகக் குடும்பம் இடம்பெயர்ந்தது. படித்து முடித்து நீலகிரியில் வெள்ளையர் நிறுவனங்களில் கணக்கர் ஆனார். வேலை கிடைத்துவிட்டது, இனி ஒதுங்கி வாழலாம் என்று அவர் நினைக்கவில்லை. பள்ளி வயதில் மனதில் விழுந்த கேள்வி அவரை விடவில்லை: நாம் ஏன் இப்படி நடத்தப்படுகிறோம்? 1890இல் சென்னைக்கு வந்தார். ஊர் ஊராகப் போய்த் தம் மக்களின் வரலாற்றைக் கேட்டுத் திரட்டினார்.

1893 அக்டோபரில் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘பறையன்’. பள்ளியில் எந்தப் பெயர் தெரிந்துவிடுமோ என்று பயந்து ஓடினாரோ, அதே பெயரைத் தலைப்பில் பெரிதாக அச்சிட்டார். நாம் யார் என்பதை மறைத்துக்கொண்டு உரிமை கேட்க முடியாது என்பது அவர் கண்ட முடிவு. சென்னையில் இரண்டே நாளில் 400 பிரதிகள் விற்றன. மாத இதழ் மூன்றே மாதத்தில் வார இதழாகி, ஏழு ஆண்டுகள் வெளிவந்தது.

அதே ஆண்டு ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. கேட்பதற்கு நல்ல கோரிக்கைதான். ஆனால் இங்கே தேர்வு வைத்தால் யார் தேறுவார்கள், தேறியவர்கள் அதிகாரிகளாகி யாரை ஆள்வார்கள் என்று சீனிவாசன் யோசித்தார். 3,412 பேர் கையொப்பமிட்ட, 112 அடி நீள எதிர் மனு லண்டனுக்குப் போனது.

பிறகு தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். திரும்பிவந்து 1923இல் சென்னை சட்டமன்றத்தின் நியமன உறுப்பினரானார். அடுத்த ஆண்டே, பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அலுவலகம் எதையும் எல்லா வகுப்பினரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார். மாகாணம் முழுவதற்குமான தீர்மானம் அது. அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த நம் தூத்துக்குடிக்கும் சேர்த்துத்தான். 1930, 1931 லண்டன் வட்டமேசை மாநாடுகளில் அம்பேத்கரோடு உட்கார்ந்து நம் உரிமையைப் பேசினார். 1945 செப்டம்பர் 18இல் காலமானார்.

அந்தத் தெருவும் சாலையும் இன்றும் முழுதாக நம்முடையதாகிவிடவில்லை. 2025 மார்ச்சில், நம் மாவட்டத்தில் ஸ்ரீவைகுண்டம் அருகே, தேர்வெழுதப் பேருந்தில் போன பட்டியலின பிளஸ் 1 மாணவரை இறக்கி வெட்டினார்கள். விரல்கள் துண்டிக்கப்பட்டன. அப்பா அம்மா உப்பளத்துக்கு விடியுமுன் கிளம்பிப் போக, தானே சோறு போட்டுத் தின்றுவிட்டுப் பள்ளிக்கு ஓடும் பிள்ளைகள் இங்கே ஏராளம். விடுதியில் ஊர்ப் பெயரைச் சொல்லத் தயங்குகிறவர்களும் உண்டு.

தம்பி, தங்கைகளே, பயம் சீனிவாசனுக்கும் இருந்தது. பயந்துகொண்டே அவர் படித்தார். பட்ட அவமானத்தைக் கேள்வியாக மாற்றினார். கேள்விக்குப் பதில் தேடினார். பதிலை எழுத்தில் வைத்தார். அந்த வரிசையை உங்களாலும் பின்பற்ற முடியும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. மணி அடிக்கும் வரை தனியாக வெளியே நிற்கும் பிள்ளை உங்கள் பள்ளியிலும் இருக்கலாம். போய்ப் பாருங்கள்.