ரூஸ்வெல்ட்டின் கடைசி ஓராண்டு: உலகத்துக்குச் சொல்லப்படாத இதயச் செயலிழப்பு

1944 மார்ச் கடைசி வாரம். இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருக்கிறது. அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை வாஷிங்டனை ஒட்டியுள்ள பெதஸ்டா கடற்படை மருத்துவமனைக்குப் பரிசோதனைக்காக அழைத்து வருகிறார்கள். டிசம்பரில் வந்த ஃப்ளூ காய்ச்சலுக்குப் பிறகு அவர் தேறவே இல்லை. விடாத இருமல், எப்போதும் அசதி. மகள் அன்னா வற்புறுத்தியதால்தான் இந்தப் பரிசோதனையே நடந்தது.

பரிசோதித்தவர் ஹோவர்ட் புரூயென் என்ற இளம் இதய மருத்துவர். முகம் வெளிறி, உதடும் நகங்களும் லேசாக நீலம் பூத்திருந்தன. படுக்கையில் கொஞ்சம் அசைந்தாலே மூச்சு வாங்கியது. பி.பி. 186/108. நுரையீரலின் அடிப்பகுதியில் நீர் கோத்த சத்தம் கேட்டது. எக்ஸ்ரேயில் இதயம் பெரிதாகியிருந்தது. சளி, இருமல் என்று அனுப்பப்பட்டவருக்கு இருந்தது இதயச் செயலிழப்பு, அதாவது ஹார்ட் ஃபெயிலியர். அப்போது அவருக்கு வயது 62.

பெயரைக் கேட்டதும் இதயம் நின்றுவிட்டது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. ஹார்ட் அட்டாக்கும் இதுவும் ஒன்றல்ல. மாடி டேங்குக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை யோசித்துப் பாருங்கள். குழாயில் எதிரழுத்தம் அதிகமானால் மோட்டார் கூடுதலாகத் திணறித்தான் ஏற்ற வேண்டும். பி.பி. அதிகமாக இருக்கும் உடம்பில் இதயத்தின் இடது கீழறைக்கு இதுதான் நிலைமை. முதலில் அதன் தசை தடிக்கும். பல வருஷங்கள் சமாளிக்கும். பிறகு ஒரு கட்டத்தில் முடியாமல் போகும். முன்னால் தள்ள முடியாத ரத்தம் பின்னால் நுரையீரலில் தேங்கும், அங்கே நீர் கசியும். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவதும், இரண்டு மூன்று தலையணை வைத்தால்தான் தூக்கம் வருவதும், கணுக்கால் வீங்குவதும், சில நாட்களிலேயே எடை கூடுவதும் இதன் அடையாளங்கள்.

ரூஸ்வெல்ட்டுக்கு இது திடீரென்று வந்ததா? ஏட்டில் இருந்த எண்களே பதில் சொல்கின்றன. 1935-ல் அவரது பி.பி. 136/78. 1937-ல் 162/98. 1941 பிப்ரவரியில் 188/105. எல்லாவற்றையும் ஒழுங்காகக் குறித்துத்தான் வைத்திருந்தார்கள். யாரும் பதறவில்லை, அவ்வளவுதான். வயதானால் பி.பி. ஏறத்தான் செய்யும், அதைக் குறைக்கப் போனால்தான் ஆபத்து என்றுகூட அந்தக் கால மருத்துவர்கள் பலர் நம்பினார்கள். அதிபரின் சொந்த மருத்துவர் ராஸ் மெக்கின்டயர் காது, மூக்கு, தொண்டை நிபுணர். சைனஸ் தொல்லைக்காகவே அவரைப் பக்கத்தில் வைத்திருந்தார் ரூஸ்வெல்ட். ஆனாலும் பழியை அவர் ஒருவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. பி.பி.யைப் பாதுகாப்பாகக் குறைக்கும் மாத்திரை எதுவும் அன்றைக்கு யார் கையிலும் இல்லை.

புரூயென் சொன்ன வைத்தியம் எளிமையானது: சில வாரம் முழு ஓய்வு, உப்பு குறைந்த சாப்பாடு, எடைக் குறைப்பு, டிஜிட்டாலிஸ் மருந்து. அதிபருக்கு ஓய்வா, நடக்கிற காரியமா என்று மெக்கின்டயர் முதலில் மறுத்தார். மூத்த மருத்துவர்களைக் கூட்டி விவாதித்த பிறகே டிஜிட்டாலிஸுக்குச் சம்மதம் கிடைத்தது. ஃபாக்ஸ்கிளவ் என்ற பூச்செடியின் இலையிலிருந்து எடுக்கப்படும் மருந்து அது. வில்லியம் விதரிங் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1785-லேயே அதைப் பற்றிப் புத்தகம் எழுதிவிட்டார். 1944-லும் கைவசம் இருந்த முக்கியமான ஆயுதம் அதுதான்.

ஆனால் வேலை செய்தது. இரண்டு வாரத்துக்குள் நுரையீரல் தெளிந்தது, இருமல் நின்றது, நிம்மதியாகத் தூங்கினார். எக்ஸ்ரேயில் இதயத்தின் அளவும் குறைந்திருந்தது. சிகரெட்டையும் வெகுவாகக் குறைத்துக்கொண்டார். தென் கரோலினாவில் நண்பர் ஒருவரின் பண்ணையில் ஏறக்குறைய ஒரு மாதம் தங்கி ஓய்வெடுத்தார்.

சிக்கல் இங்கேதான். நுரையீரல் நீர் வற்றியதே தவிர, பி.பி. இறங்கவில்லை. மூச்சுத் திணறி அட்மிட் ஆகிறவர்களுக்கு இன்றும் இப்படித்தான். நீரை வெளியேற்றும் ஊசி போட்டதும் சில நாளில் முகம் தெளிந்துவிடும், வீட்டுக்கு வந்துவிடுவார்கள். சரியாகிடுச்சு என்று நினைத்து மாத்திரையை விடுவதும், ஊறுகாயைத் தொடுவதும் அப்போதுதான் ஆரம்பிக்கும். டிஸ்சார்ஜுக்குப் பிறகான முதல் சில மாதங்கள்தான் மறுபடி மருத்துவமனைக்கு ஓட வேண்டிவரும் காலம்.

ரூஸ்வெல்ட்டுக்கு விஷயமே சொல்லப்படவில்லை. நோயாளியிடமும் குடும்பத்திடமும் தானாக எதையும் சொல்லக் கூடாது என்பது புரூயெனுக்கு வந்த உத்தரவு. அதன்பின் அவர் அநேகமாக தினமும் வந்து பார்த்தார், அடிக்கடி இ.சி.ஜி. எடுத்தார். ஏன் இதெல்லாம், இது என்ன மாத்திரை என்று ரூஸ்வெல்ட் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. 1921-ல் போலியோவால் கால்கள் செயலிழந்ததிலிருந்தே உடம்பின் பலவீனத்தை வெளியே காட்டாமல் வாழப் பழகியவர். தெரிந்தே கேட்காமல் இருந்திருக்கவும் கூடும்.

பத்திரிகைகளுக்கு மெக்கின்டயர் கொடுத்த தகவல், அதிபர் வயதுக்கேற்ற ஆரோக்கியத்துடன் இருக்கிறார் என்பதுதான். ஆகஸ்டில், பிரெமர்டன் கடற்படைத் தளத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே ரூஸ்வெல்ட்டுக்கு நெஞ்சுவலி வந்தது. வலியோடே உரையை முடித்தார். நவம்பரில் நான்காவது முறையாகத் தேர்தலில் வென்றார். வாக்களித்தவர்களுக்கு இந்த நோய் பற்றித் தெரியாது. போர்க்கால ரகசியம் என்று இதற்கு நியாயம் சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் வாக்குச்சீட்டில் துணை அதிபராக யார் பெயர் இருக்கிறது என்பது அந்த ஒரு தேர்தலில் எவ்வளவு முக்கியம் என்பதை மக்கள் எடைபோடும் வாய்ப்பே இல்லாமல் போனது. அந்தப் பெயர் ஹாரி ட்ரூமன்.

தேர்தல் முடிந்த அதே மாதத்தில் பி.பி. 260/150-ஐத் தொட்டது. அந்த உடம்போடுதான் 1945 பிப்ரவரியில் ஸ்டாலினையும் சர்ச்சிலையும் சந்திக்க யால்டா வரை போனார். மார்ச் 1 அன்று நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தபடியே உரையாற்றினார்.

ஏப்ரல் 12. ஜார்ஜியாவின் வார்ம் ஸ்பிரிங்ஸ். ஓவியர் ஒருவர் அவரை வரைந்துகொண்டிருந்தார். பிற்பகல் ஒரு மணிக்கு மேல் பின்தலையில் கடும் வலி என்று சொன்னவர், நினைவிழந்து சரிந்தார். புரூயென் ஓடிவந்து அளந்தபோது பி.பி. 300/190-ஐத் தாண்டியிருந்தது. மூளையில் ரத்தக்கசிவு. 3.35-க்கு உயிர் பிரிந்தது. வயது 63. ஜெர்மனி சரணடைய ஒரு மாதம்கூட இல்லை. அணுகுண்டுத் திட்டம் பற்றிய விவரங்களை ட்ரூமன் பதவியேற்ற பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

1948 ஜூனில் அதே ட்ரூமன் தேசிய இதயச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்த ஆண்டே மாசசூசெட்ஸின் ஃபிரேமிங்காம் ஊரில் ஆய்வு தொடங்கியது. 5,209 பேரைச் சேர்த்து, அவர்களின் பி.பி., கொழுப்பு, புகைப்பழக்கம் எல்லாவற்றையும் வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் இதயச் செயலிழப்பு வந்தவர்களைப் பற்றிய அறிக்கை 1971-ல் வெளியானது. சுமார் 75 சதவீதம் பேருக்கு முன்கூட்டியே உயர் ரத்த அழுத்தம் இருந்திருக்கிறது. நோய் தொடங்கி ஐந்தே ஆண்டுகளுக்குள் இறக்கும் வாய்ப்பு ஆண்களுக்கு 62 சதவீதம், பெண்களுக்கு 42 சதவீதம். இன்றைய மாத்திரைகள் வருவதற்கு முந்தைய கணக்கு இது.

பெதஸ்டாவில் இருந்த ரூஸ்வெல்ட்டின் மருத்துவக் கோப்பு அவர் இறந்த பிறகு காணாமல் போனது. இன்றுவரை கிடைக்கவில்லை. அந்த எண்கள் நமக்குத் தெரிவதற்குக் காரணம், புரூயென் தன்னிடம் இருந்த குறிப்புகளை வைத்து 1970-ல் ஒரு மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை.