பாதை தந்த திவான்

மைசூரில் பெரிய கடிகாரக் கோபுரத்தின் அருகே நகர மண்டபம் ஒன்று இருக்கிறது. நம்மில் பலர் நாள்தோறும் அதைக் கடந்து செல்கிறோம். நானும் ஈராண்டுக் காலம் அதன் முழுப்பெயரை அறியாமலே நடந்தவன்தான். ரங்காச்சார்லு நினைவு மண்டபம் என்பது அதன் பெயர்.

அதை அறிந்த வேளையில் நான் ரயில்வேத் தேர்வுக்கு விண்ணப்பித்துவிட்டு, மனம் ஒன்றாமல் படித்துக்கொண்டிருந்தேன். என் தந்தையார் தண்டவாளப் பராமரிப்புத் தொழிலாளி. வெயில் மழை பாராது பாதையோடு நடந்து தேய்ந்தவர். அந்த உத்தியோகம் எனக்கு வேண்டாம் என்பார் அவர். நிரந்தர வேலையை விடாதே என்பார் அன்னை. இருவருக்கும் நடுவே நான் தவித்தபோது, இந்த மனிதரின் வாழ்க்கை என் கைக்கு வந்தது.

ரங்காச்சார்லு 1831ஆம் ஆண்டு செங்கற்பட்டு மாவட்டத்தில் பிறந்தார். மைசூரின் ஆட்சிப் பொறுப்பை ஆங்கிலேயர் தம் கையில் எடுத்துக்கொண்டதும் அதே ஆண்டில்தான். ஐம்பது ஆண்டு கழித்து அந்தப் பொறுப்பை ஏற்று நடத்தப் போகிறவர் அந்தக் குழந்தை என்று அன்று யார் கண்டார்? சென்னை அரசாங்க அலுவலில் சேர்ந்து, இனாம் நிலங்களை ஆராய்ந்த ஆணையத்தில் உழைத்துப் பெயர் பெற்றார். 1868இல் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் மறைந்தபின், அரண்மனைக் கணக்குகளை ஒழுங்குபடுத்த மைசூர் வந்து சேர்ந்தார்.

பிறகு வந்தது 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம். 1871இல் சுமார் 50 லட்சமாக இருந்த மைசூர் நாட்டு மக்கள்தொகை, 1881இல் 42 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. தானியமே கிடையாதா? கிடைத்தது. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு 1864லேயே ரயில் ஓடியது, தானியமும் வந்தது. அதற்கு அப்பால்? மாட்டு வண்டிதான்! தீவனமின்றி மாடுகளே மடிந்தபோது வண்டியை இழுப்பது எது? ரயில் நின்ற இடத்தோடு சோறும் நின்றது.

பெங்களூரிலிருந்து மைசூருக்கு மீட்டர் பாதை போடும் வேலை அந்தப் பஞ்சக் காலத்தில்தான் தொடங்கியது. பசித்த மக்கள் கூலிக்காக மண் சுமந்து கரை எழுப்பினார்கள். 1881 மார்ச் 25ஆம் நாள் பத்தாம் சாமராஜ உடையாரிடம் ஆட்சி திரும்பியது. ரங்காச்சார்லு திவான் ஆனார். கஜானாவோ வெறுமை; தலைமேல் பஞ்சக் கடன் 80 லட்சம் ரூபாய். கடனைக் காட்டிப் பாதையைக் கிடப்பில் போட்டிருக்கலாம். அவர் போடவில்லை. பாதை இல்லாத நாடு மறுபடியும் பட்டினி கிடக்கும் என்பதைக் கண்ணால் கண்டவர் அல்லவா! 86 மைல் பாதை முடிந்து, 1882இல் மைசூருக்கு ரயில் வந்தது. பாதையைத் தும்கூர்ப் பக்கம் நீட்டவும் அவர் முனைந்தார்.

1881 அக்டோபரில், தசரா வேளையில், 144 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபையைக் கூட்டி, நாட்டின் நிலையை அவர்கள் முன் எடுத்து வைத்தவரும் அவரே. பாதையும் சபையும் ஒரே மனத்தில் பிறந்தவை என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்று மக்களிடம் தானியத்தைக் கொண்டு சென்றது. மற்றொன்று மக்களின் குரலை அரசிடம் கொண்டு வந்தது.

1883 ஜனவரி 20ஆம் நாள் அவர் மறைந்தார். திவானாக இருந்தது ஈராண்டுக்கும் குறைவு. தும்கூருக்கு ரயில் போனதை அவர் காணவில்லை, அது 1884இல்.

நண்பர்களே, அந்த மீட்டர் பாதை பின்னாளில் அகலப் பாதையாகிவிட்டது. 2022இல் சென்னைக்கும் மைசூருக்கும் இடையே வந்தே பாரத் ரயிலும் ஓடத் தொடங்கியது. வேகம் மாறிற்று, வேலையின் பொருள் மாறவில்லை. சென்ற விடுமுறையில் ஊருக்குப் போனபோது இந்தக் கதையைத் தந்தையாரிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தவர், தேர்வு எந்தத் தேதி என்று மட்டும் கேட்டார்.

இப்போது மனம் ஒன்றிப் படிக்கிறேன். சம்பளத்துக்காக மட்டும் அல்ல. தண்டவாளத்தில் ஓர் ஆணி தளர்ந்தாலும் எங்கோ ஒரு வீட்டின் உலை காத்திருக்கும் என்று அறிந்து வேலை செய்ய விரும்புகிறேன். கடிகாரக் கோபுரத்தைக் கடக்கும்போது நீங்களும் அந்த மண்டபத்தின் முன் ஒரு கணம் நில்லுங்கள்.