மைதானமே எதிர்த்துக் கூச்சல் போட்டது, தங்கராஜ் அசரவில்லை!

இரணியல்,-

இரணியலில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் குளச்சல். 1741-ம் ஆண்டு டச்சுக்காரர்களை மார்த்தாண்ட வர்மா மகாராஜா முறியடித்ததன் நினைவாக அங்கே ஒரு வெற்றித் தூண் நிற்கிறது. அந்தத் தூணுக்கு ராணுவ மரியாதை செலுத்தும் பட்டாளம், மெட்ராஸ் ரெஜிமெண்ட். பழைய திருவிதாங்கூர் நாயர் படையின் வாரிசுகள் இந்தப் பட்டாளத்தில்தான் இருக்கிறார்கள்.

அதே பட்டாளத்தில் இருந்து புறப்பட்டு ஆசியாவையே ஒரு கலக்குக் கலக்கினார் ஒரு கோல்கீப்பர். அவர்தான் பீட்டர் தங்கராஜ்!

கோல் அடிக்க வந்தவர்

1935-ம் ஆண்டு டிசம்பர் 24-ந்தேதி ஐதராபாத்தில் பிறந்தவர் தங்கராஜ். செகந்திராபாத் கிளப்புகளில் பந்து உதைத்துப் பழகினார். 1953-ல் நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்துக்கு வந்தார்.

வந்த புதிதில் அவர் கோல் அடிக்கிற ஆள். சென்டர் பார்வர்டாக ஆடினார். ஆறடியைத் தாண்டிய உயரம். நீண்ட கைகள். கோல் கம்பத்துக்கு நடுவே நின்றதும் கதையே மாறிப்போனது. பட்டாளத்து அணி 1955-லும், 1958-லும் டூரண்ட் கோப்பையைத் தட்டிச் சென்றது. 1960-ல் அவர் தலைமையில் ராணுவ அணி சந்தோஷ் கோப்பையையும் வென்றது.

ஒலிம்பிக்கில்...

இரணியல் பகுதி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ந்தேதி. இங்கே அந்த சந்தோஷம் அடங்குவதற்குள், 22-ந்தேதி மெல்போர்ன் ஒலிம்பிக் தொடங்கிவிட்டது. இந்திய அணியில் தங்கராஜும் இருந்தார். ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்ற இந்தியா, 4-வது இடம் பிடித்தது. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா தொட்ட உச்சம் இன்றுவரை அதுதான். 1960-ல் ரோம் ஒலிம்பிக்கிலும் தங்கராஜ் ஆடினார்.

ஜகர்த்தா ரகளை

1962 செப்டம்பர் 4-ந்தேதி. ஜகர்த்தாவில் ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டம். எதிரணி தென்கொரியா. முதல் சுற்றிலேயே இந்தியாவை 2-0 என்று தோற்கடித்த அணி அது.

ஆட்டத்துக்கு முன்பே ஊர் கொதித்துக் கிடந்தது. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா சேர்க்காததை இந்திய விளையாட்டு நிர்வாகி ஜி.டி.சோந்தி கண்டித்தார். அவ்வளவுதான்! இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. இறுதி ஆட்டத்திலும் பெருங்கூட்டம் இந்தியாவை எதிர்த்துக் கூச்சல் போட்டது.

அணிக்குள்ளும் சங்கடம். ஜர்னைல் சிங்குக்குத் தலையில் தையல். தங்கராஜுக்கோ காய்ச்சல். முந்தைய ஆட்டங்களில் பிரத்யோத் பர்மன்தான் கோல் காத்தார். பயிற்சியாளர் ரகீமோ இறுதி ஆட்டத்துக்கு உயரமான தங்கராஜைத்தான் இறக்கினார். உயரப் பந்துகளைப் பிடிக்க அவர்தான் சரியான ஆள் என்பது கணக்கு.

கணக்கு தப்பவில்லை. முதல் 20 நிமிடத்துக்குள் பி.கே.பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் ஆளுக்கொரு கோல் போட்டார்கள். கொரியா விடாமல் முட்டிப் பார்த்தது. கடைசிக் கட்டத்தில் ஒரே ஒரு கோல்தான் கிடைத்தது. 2-1! தங்கப் பதக்கம் இந்தியாவுக்கு. அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா தங்கம் வென்றதே இல்லை.

1964 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம் பெற்ற இந்திய அணியிலும் தங்கராஜ் இருந்தார். 1967-ல் அர்ஜுனா விருது பெற்றார். கல்கத்தாவில் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன்பகான், ஈஸ்ட் பெங்கால் மூன்று அணிகளுக்கும் ஆடியவர். கோஷ்டி கட்டி அடித்துக்கொள்ளும் அந்த ஊரில் இது லேசுப்பட்ட காரியமில்லை.

கடைசி நாட்கள்

ஓய்வுக்குப் பிறகு பயிற்சியாளராகி பொகாரோ இரும்பு ஆலை நகரில் தங்கிவிட்டார். 2008 நவம்பர் 24-ந்தேதி அங்கேயே மாரடைப்பால் இறந்தார். 73-வது பிறந்தநாளுக்கு ஒரு மாதம் பாக்கி.

பந்தாட்டத்துக்குப் பேர்போன தூத்தூர் கடற்கரை இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. கோல் அடிக்கிறவனைத் தோளில் தூக்குவார்கள். கோல் காக்கிறவனை மறந்துவிடுவார்கள். குளச்சல் தூணைப் பார்க்கப் போகிற பையன்கள், அந்தப் பட்டாளத்தின் நெட்டைக் கோல்கீப்பரையும் ஒரு தடவை நினைத்துப் பார்க்கலாம்.