ஐம்பது ஆண்டுகள் காத்திருந்த வெண்கலம்

1924-ஆம் ஆண்டு ஜனவரி 30. பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலையடிவாரத்து ஊரான சாமோனியில் 50 கி.மீ. பனிச்சறுக்கு ஓட்டம் நடைபெற்றது. 3 மணி 44 நிமிடம் 32 விநாடிகளில் முதலாவதாக எல்லைக் கோட்டைக் கடந்தார் நார்வே வீரர் தோர்லைஃப் ஹௌக். அடுத்த மூன்று இடங்களும் அவருடைய நாட்டவருக்கே கிடைத்தன. மூன்று நாள்கள் கழித்து நடந்த 18 கி.மீ. ஓட்டத்திலும் அவருக்கே முதலிடம். ஓட்டத்தையும் தாண்டுதலையும் சேர்த்து மதிப்பெண் வழங்கும் இணைப்போட்டியிலும் அவரே வென்றார். அந்த விளையாட்டு வாரம்தான் முதலாவது குளிர்கால ஒலிம்பிக் என்று பின்னாளில் அறிவிக்கப்பட்டது. ஆக, மூன்று ஒலிம்பிக் தங்கங்களுக்கு ஹௌக் முறைப்படி உரியவரானதே பிறகுதான்!

1894-இல் லியர் என்னும் ஊரில் பிறந்தவர் அவர். நார்வே மக்கள் ஒலிம்பிக்குக்கு நிகராகப் போற்றும் ஹோல்மென்கொலன் 50 கி.மீ. ஓட்டத்தில், 1918 முதல் 1924 வரையிலான ஏழு ஆண்டுகளில் ஆறு முறை வாகை சூடினார். இயந்திரங்கள் சமன்படுத்திய தடங்கள் இல்லாத காலம். மரத்தாலான சறுக்குக் கட்டைகளே துணை. அந்தச் சூழலில் இது எளிய சாதனையன்று.

சாமோனியில் அவருக்கு நான்காவதாக ஒரு பதக்கமும் கிடைத்தது. பனிச்சறுக்குத் தாண்டுதலில் 18.000 புள்ளிகள் பெற்று அவர் மூன்றாமிடம் பிடித்ததாக அறிவித்தார்கள். 17.916 புள்ளிகளுடன் நான்காமிடத்தில் நின்றவர், நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஆண்டர்ஸ் ஹௌகன். அன்றைய போட்டியிலேயே மிக நீண்ட தாண்டுதல், 50 மீட்டர், அவருடையது. பெயர்களும் ஏறத்தாழ ஒன்று. புள்ளிகளும் ஏறத்தாழ ஒன்று. முடிவைக் குறித்துக்கொண்டு அனைவரும் கலைந்தார்கள்.

1934 டிசம்பரில், நாற்பதே வயதில், நிமோனியா காய்ச்சலுக்கு ஹௌக் பலியானார். 1946-இல் டிராமன் நகரில் அவருக்குச் சிலை எழுந்தது.

கூட்டலில் பிழை இருந்தது 1974-இல்தான் வெளிப்பட்டது. அதைச் சுட்டிக்காட்டியவர் தோரல்ஃப் ஸ்ட்ரோம்ஸ்டாட். சாமோனியில் இருமுறை ஹௌக்கிடம் தோற்று வெள்ளி வென்ற அதே சக வீரர். வரலாற்றாசிரியர் யாக்கோப் வோகெ கணக்கைச் சரிபார்த்தார். ஹௌக்கின் உண்மையான புள்ளிகள் 17.813 மட்டுமே.

பிழை நடுவர் குழுவின் ஏட்டில் நேர்ந்தது. ஹௌக் மீது துளியும் பழியில்லை. ஆனால், தாளில் எழுதிய சில எண்களை மீண்டும் கூட்டிப் பார்க்க உலகுக்கு ஐம்பது ஆண்டுகள் தேவைப்பட்டிருக்கின்றன. மாவீரர் ஒருவரின் பெயர் முடிவில் இருந்தால் எவருக்கும் ஐயம் எழுவதில்லை போலும்.

இறந்தவரின் பதக்கத்தைத் திரும்பப் பெறுவது யாருக்கும் சங்கடமான வேலை. அந்தச் சங்கடத்தைத் தீர்த்து வைத்தவர் ஹௌக்கின் மகள். ஆஸ்லோவில் நடந்த நிகழ்ச்சியில், தந்தையின் வெண்கலப் பதக்கத்தை முதியவரான ஹௌகனிடம் தம் கையாலேயே வழங்கினார். ஒலிம்பிக் ஏடுகளில் இன்று தாண்டுதல் போட்டியின் நான்காமிடத்தில் தோர்லைஃப் ஹௌக்கின் பெயர் இருக்கிறது. மூன்று தங்கங்களும் அப்படியே இருக்கின்றன.