110 ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்த தங்கம்: யார் இந்த ஜிம் தோர்ப்?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 'ஜிம் தோர்ப்' என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் அங்கே பிறக்கவில்லை, வாழவும் இல்லை. இறந்த பிறகுதான் அங்கே கொண்டுபோகப்பட்டார். அது தனிக்கதை, கடைசியில் பார்ப்போம்.

இன்று உலகின் பணக்கார விளையாட்டு அமைப்புகளில் ஒன்றான என்எஃப்எல், 1920-ல் வேறு பெயரில் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் இவர்தான். நிர்வாகத் திறமைக்காகக் கிடைத்த பதவி இல்லை. அவர் பெயரைப் போட்டால் கூட்டம் வரும், அவ்வளவுதான்! 1915-லேயே கேன்டன் புல்டாக்ஸ் அணி ஒரு மேட்ச்சுக்கு 250 டாலர் கொடுத்து அவரை எடுத்திருந்தது. அந்தக் காலத்தில் அது பெரிய தொகை.

ஓக்லஹோமாவில், சாக் அண்ட் ஃபாக்ஸ் என்ற பூர்வகுடியில் பிறந்தவர். பூர்வகுடிப் பிள்ளைகளை 'வெள்ளையர் வழிக்கு' மாற்றுவதற்காகவே நடத்தப்பட்ட கார்லைல் பள்ளியில் படித்தார். 1911-ல் அந்தப் பள்ளி அணி ஹார்வர்டையே 18-15 என்று வீழ்த்தியது. நான்கு ஃபீல்டு கோல் அடித்தது தோர்ப்.

அடுத்த ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக். பென்டத்லான், டெகத்லான் இரண்டிலும் தங்கம். ஜோடி மாறிய ஷூக்களோடு அவர் நிற்கும் போட்டோ இன்றும் இணையத்தில் சுற்றுகிறது.

ஆறே மாதத்தில் எல்லாம் தலைகீழானது. 1909, 1910-ல் வட கரோலினாவில் சொற்பச் சம்பளத்துக்கு அவர் பேஸ்பால் ஆடியதை ஒரு பத்திரிகை வெளியிட்டது. காசு வாங்கி ஆடியவர் ஒலிம்பிக்கில் ஆடக் கூடாது என்பது அன்றைய விதி. அப்போது பல கல்லூரி மாணவர்கள் இப்படி ஆடினார்கள், ஆனால் பொய்ப்பெயரில். தோர்ப் சொந்தப் பெயரிலேயே ஆடியிருந்தார். புகார் 30 நாட்களுக்குள் வர வேண்டும் என்றும் விதி இருந்தது. அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. 1913-ல் பதக்கங்கள் பறிபோயின.

அதன் பிறகு முழுநேர புரொஃபஷனல். பேஸ்பால், ஃபுட்பால் இரண்டும் ஆடினார். 1922-ல் பூர்வகுடி வீரர்கள் மட்டுமே ஆடிய ஊராங் இண்டியன்ஸ் அணிக்குத் தலைமை ஏற்றார். அந்த அணியை நடத்தியவரோ நாய் வியாபாரி. இடைவேளையில் நாய்களை வைத்து ஷோ காட்டுவார்கள், அதுதான் விளம்பரம். 40 வயது தாண்டி 1928-ல் ஓய்வு பெற்றபோது கையில் பெரிதாக எதுவும் இல்லை. பள்ளம் வெட்டும் கூலி வேலை, சினிமாவில் துணை நடிகர் என்று காலம் ஓடியது. 1953-ல் மாரடைப்பில் இறந்தார்.

1982-ல் ஒலிம்பிக் கமிட்டி மனம் மாறியது, அதுவும் பாதி மட்டும். இரண்டாமிடம் வந்தவர்களோடு சேர்த்து 'இணை சாம்பியன்' என்றது. தனக்குத் தரப்பட்ட தங்கத்தை ஸ்வீடன் வீரர் வீஸ்லாண்டர் கடைசி வரை ஏற்றுக்கொள்ளவே இல்லை என்று அவர் குடும்பத்தினர் உறுதிசெய்தார்கள். 2022 ஜூலையில்தான் தோர்ப் ஒருவரே சாம்பியன் என்று பதிவானது.

இப்போது அந்த ஊர்க் கதை. ஓக்லஹோமாவில் பூர்வகுடி முறைப்படி இறுதிச்சடங்கு நடந்துகொண்டிருந்தபோதே, மூன்றாவது மனைவி உடலை எடுத்துச் சென்றுவிட்டார். சுற்றுலாப் பயணிகள் வருவார்கள் என்று நம்பிய இரண்டு சிற்றூர்கள் ஒன்றாக இணைந்து, தோர்ப் பெயரையே சூட்டிக்கொண்டு உடலை வாங்கிக்கொண்டன. சொந்த மண்ணுக்கு அப்பாவைக் கொண்டுபோக மகன்கள் வழக்குப் போட்டார்கள். 2015-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை விசாரிக்கவே மறுத்துவிட்டது.